கோயில் ஹோர்னில் கேட்டது என் கிட்டார்

எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் பொய் சொன்னார். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னார். கழுத்தில் மாலையோடு, கையில் மைக்கோடு, தேர் திரும்பி வந்து நின்றதும் சொன்னார்: "மேளக்காரங்க வர முடியாமப் போச்சு. அதனால நாதஸ்வரத்த பென் டிரைவுல போட்டு சாமிய கெளப்புனோம். ஆத்தா மன்னிச்சிக்குவா. நீங்களும் மன்னிச்சிக்கங்க."

சனம் மன்னித்துவிட்டது. எங்கள் சனத்துக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு.

அந்த நேரத்தில் அந்தப் பென் டிரைவ் எங்கே இருந்தது என்று நான் சொல்கிறேன். கோயிலுக்குப் பின்பக்கம், நீலத் தறப்பாள் விரிப்பால் கட்டிய மறைப்புக்குள், கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்தில் ஒரு கிட்டார் தொங்கியது. இடது கை விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. அதற்குத் தாகமாகவும் இருந்தது. ஒருவரும் ஒரு கிளாஸ் மோர் கொடுக்கவில்லை. பென் டிரைவுக்கு மோர் கொடுக்கிற வழக்கம் எந்தக் கோயிலிலும் இல்லை.

நான் பால் வெட்டுகிறவன். மாட்டுப் பால் இல்லை, ரப்பர் பால். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் தோட்டம். மேல் டிவிசனில் தேயிலை, கீழ் டிவிசனில் ரப்பர். காலையில் மரத்துக்கு மரம் ஓடி வெட்டி, சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேர்த்துக் கொண்டுபோய் ஸ்டோரில் ஊற்றிவிட்டால் மத்தியானத்துக்குப் பிறகு நேரம் என்னுடையது. மழை பெய்தால் முழு நாளும் என்னுடையது, ஈரப் பட்டையில் கத்தி வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு நான் எவ்வளவு நேரம் கிட்டார் வாசித்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

வாசித்தேன் என்றால் ஹெட்போனில். லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள் இருக்கின்றன. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் "நூறு வயசு" என்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்பீக்கர் வைத்து கிட்டார் அடித்தால் முதலில் கதவு உடையும், பிறகு மண்டை உடையும். எனவே எனக்குக் கேட்டது வேறு, என் மனைவிக்குக் கேட்டது வேறு. என் காதுக்குள் பெரிய மேடை. அவளுக்கு வெறும் கம்பியைத் தட்டும் சத்தம் மட்டும்.

"கோழி தட்டுல கொத்துற மாதிரிதான் இருக்கு," என்பாள். "இதுக்கா மொகத்த அப்படி வச்சிக்கிறீங்க? யாரோ செத்துட்டாங்கனு நெனச்சேன்."

காதுக்குள் அந்த மேடையைக் கட்டியது ஆம்ப் மாடலர் என்கிற ஒரு பெட்டி. இரண்டு செங்கல்லைப் பக்கத்தில் வைத்த அளவு இருக்கும். தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற சாமான். பெரிய கச்சேரிகளில் ஆள் உயரத்துக்கு ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர் பெட்டியும் அடுக்கி வைத்திருப்பார்களே, அவை எப்படிச் சத்தம் போடும் என்று கணக்குப் போட்டு அதே மாதிரி போட்டுக் காட்டுகிற கணினி அது. இரத்தினபுரியில் ஒரு மாணிக்கக் கல் முதலாளியின் மகன் ஆசைக்கு வாங்கி, ஒரு மாதத்தில் அலுத்துப் போய் விற்றான். நான் வாங்கினேன். அவனுக்கு அலுத்தது ஏன் என்று முதல் நாளே எனக்குப் புரிந்தது.

பெட்டிக்குள் கம்பனிக்காரர்கள் முன்கூட்டியே செய்து வைத்த சத்தங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் நரகம், நெருப்பு, பேய் என்று பெயர். போட்டுப் பார்த்தேன். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தகரக் கூரையில் ஆணியை இழுத்தால் வருகிற சத்தத்துக்கு மல்லிகை என்றா பெயர் வைப்பார்கள்.

எனக்கு வேண்டியது வேறு. கெயின் என்கிற திருகைக் கூட்டினால் கிட்டார் சத்தம் உடைந்து தடிக்கும். தடித்த சத்தம் சீக்கிரம் சாகாது. கம்பியை ஒரு தடவை தொட்டால் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே இருக்கும். அந்த நீளம் எனக்கு வேண்டும். உடைசலின் கரகரப்பு வேண்டாம். கம்பியில் பிக் என்கிற தட்டுத் தகடு விழுகிற இடம் தெரியாமல், தொண்டையிலிருந்து வருகிற மாதிரி வழுவழுவென்று வர வேண்டும். இவ்வளவுதான் ஆசை. இதற்கு ஒரு முழு மழைக்காலம் போனது.

யூடியூபில் இதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். குளிரூட்டிய அறை, சுவர் முழுக்க கிட்டார், முகம் முழுக்க தாடி. அரை மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் "உங்கள் காதைப் பயன்படுத்துங்கள்" என்பார்கள். அதுவரை நான் மூக்கைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன் என்று நினைத்தார்கள் போல. டேட்டா முடிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் நானே நோண்டி நோண்டிக் கண்டுபிடித்தேன். வழுவழுப்பு வேண்டும் என்றால் எல்லாரும் கெயினை இன்னும் கூட்டுவார்கள். குறைக்க வேண்டும். பாதிக்குக் கீழே கொண்டுவந்து, அதற்கு முன்னால் சத்தத்தை உடைக்கிற டிரைவ் என்கிற இன்னொரு படியைச் சின்னதாக வைத்து மெதுவாகத் தள்ளிவிட வேண்டும். ஒரே ஆளைச் சாகடித்து வேலை வாங்குவதற்குப் பதிலாக இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுப்பது. தோட்டத் துரைமாருக்கு இது புரியாது, பெட்டிக்குப் புரிந்தது. அடிச் சத்தமான பாஸை, சத்தம் உடைவதற்கு முன்னாலேயே வெட்ட வேண்டும், இல்லையென்றால் எல்லாம் களியாகிவிடும். மேல் கூர்மையைச் சத்தம் உடைந்த பிறகு வெட்ட வேண்டும். கிட்டாரில் கழுத்துப் பக்கம் கம்பிச் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பைப் போட்டு, டோன் திருகைப் பாதிக்கு இறக்க வேண்டும். கால் பெடலில் வால்யூமைப் பூச்சியமாக வைத்துக் கம்பியைத் தொட்டு, தொட்ட பிறகு பெடலை ஏற்றினால் பிக் விழுந்த தடமே இருக்காது. சத்தம் எங்கிருந்தோ பிறந்து வந்த மாதிரி இருக்கும்.

இந்தக் கடைசி வித்தைதான் என் வாயில் மண் போட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் மேல் ரோட்டில் மண் சரிந்தது. கண்டிப் பக்கமிருந்து வர வேண்டிய மேளக்காரர்களின் வேன் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. வேறு மேளம் கிடைக்கவில்லை. அன்று மழை என்பதால் நான் வீட்டில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். தலைவர் வந்து வாசலில் நின்றார். என் வீட்டு வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

"தம்பி, ஒன்னோட பொட்டியில நாதஸ்வரம் வருமாமே?"

"நாதஸ்வரம் வராதுங்க. கிட்டார்தான் வரும். கிட்டத்தட்ட அப்படிக் கொண்டு போகலாம்."

"கிட்டத்தட்ட போதும். ஆத்தாவுக்கு என்ன தெரியப் போவுது."

அவருடைய பக்தியைப் பற்றி இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

மழை விட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். டவுனில் இருந்து சவுண்ட் செட்காரர் வந்து, பலா மரத்தில் நாலு ஹோர்ன் கட்டி முடித்திருந்தார். சிங்கள ஆள், எனக்கு அண்ணன் வயது. ஹோர்ன் என்பது அந்தப் புனல் வடிவ ஸ்பீக்கர். நாலும் லயங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தன. கோயில் பாட்டு யாருக்கும் தப்பிப் போகக் கூடாது என்பது கமிட்டியின் முடிவு. ஆகவே நான் டோன் செட் பண்ணியதும் யாருக்கும் தப்பவில்லை.

காதுக்குள் தேனாக இருந்த சத்தம் ஹோர்னில் வந்தபோது கம்பளிக்குள் மாட்டிக்கொண்ட மனிதன் மாதிரி இருந்தது.

"மல்லி, மே மொகக்த?" என்றார் சவுண்ட் செட்காரர். தம்பி, இது என்ன சாமான் என்று கேட்கிறார்.

மேல் லயத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு வீட்டு மாடு அது? கயிறு இறுகிக் கெடக்கு, அவுத்து விடுங்க."

"மாடு இல்லக்கா. நம்ம பால்வெட்டு அண்ணன் சமைஞ்ச பொண்ணு மாதிரி உள்ளுக்குள்ள இருந்து பேசுறாரு."

ஒரு லயம் சிரித்தால் மற்ற லயம் சும்மா இருக்காது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. பெட்டிக்குள் ஒரு பொய் ஸ்பீக்கர் இருக்கிறது. ஹெட்போனில் கேட்கும்போது அது வேண்டும், இல்லையென்றால் சத்தத்துக்கு உடம்பு இருக்காது. ஆனால் இங்கே மரத்தில் நிஜ ஸ்பீக்கரே தொங்குகிறது. பொய் ஸ்பீக்கர் வழியாக வந்ததை மறுபடி நிஜ ஸ்பீக்கருக்குள் தள்ளினால் இரண்டு கம்பளி போர்த்திய மாதிரிதான் இருக்கும். இத்தனை நாள் ஹெட்போனுக்குள்ளேயே குடும்பம் நடத்தியவனுக்கு இது எப்படித் தெரியும்.

பொய் ஸ்பீக்கரை அணைத்தேன். நாலு லயமும் காதைப் பொத்திக்கொண்டது.

"மாடே பரவாயில்ல அண்ணே," என்று கத்தினார்கள். "மாட்டையே கூட்டிட்டு வாங்க."

மேல் கூர்மையை வழித்து எடுத்தேன். ஹோர்னுக்கு பாஸ் வராது, பர்ரென்று கிழியும். அதையும் வெட்டினேன். நடுச் சத்தத்தை மட்டும் ஏற்றினேன், ஹோர்னுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இன்னும் கரகரத்தது. பார்த்தால் சவுண்ட் செட்காரருடைய ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு லைட் அணையாமல் எரிந்தது. நான் பெட்டிக்குள் பக்குவமாக உடைத்துக் கொடுத்ததை அவர் அங்கே இன்னொரு தடவை உடைத்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.

"அடு கரன்ன? மல்லிட பிஸ்ஸுத?" குறைப்பதா, பைத்தியமா என்று கேட்டார். வாழ்க்கையில் யாரும் அவரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதில்லை. கூட்டச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். முறைத்துக்கொண்டே குறைத்தார்.

பெடலை மெதுவாக ஏற்றினேன். ஒரு சுரம் எழுந்து, மரத்தைத் தாண்டி, லயத்தைத் தாண்டி, எதிர் மலையில் போய் நின்றது. யாரும் கத்தவில்லை. தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த ஒரு அக்கா, தலையில் மடித்துப் போட்டிருந்த சாக்கைக்கூட எடுக்காமல் பாதையில் நின்று கேட்டார்.

"மேளக்காரங்க வந்துட்டாங்களா? ரோட்ட தெறந்துட்டாங்களா?"

அந்தக் கேள்வி நாலு லயத்துக்கும் கேட்டது. தலைவர் காதிலும் விழுந்தது. அவர் மரத்தடியில் குடையோடு நின்றார்.

"இதான், இதான்," என்றார் என்னிடம். "இனி கை வைக்காத. இப்படியே வை."

மறுநாள் அவரேதான் என்னைத் தறப்பாளுக்குப் பின்னால் உட்கார வைத்தார். "சாமிக்கு முன்னால கிட்டாரோட நின்னா பாக்க நல்லா இருக்காது தம்பி. பின்னாலயே இருந்துக்க." எனக்கும் வயர் அதற்கு மேல் எட்டாது. சரி என்றேன்.

சாமி கிளம்பும்போது ஊதுகிற மல்லாரியை வாசித்தேன். அது என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன். வருடா வருடம் கேட்டது, ஹெட்போனில் விளையாட்டுக்கு வாசித்துப் பார்த்தது. முன்னால் எங்கள் பையன்கள் தப்புப் பறை அடித்தார்கள். தறப்பாளில் இருந்த ஓட்டை வழியாகத் தேரின் குடையை மட்டும் பார்த்துக்கொண்டு வாசித்தேன். நாதஸ்வரக்காரர் உதட்டால் வளைக்கிற சுரத்தை நான் கம்பியை இழுத்து வளைத்தேன். இரண்டாவது சுற்றில் விரல் வழுக்கி ஒரு சுரம் தப்பாக விழுந்தது. பிழை விடுகிற நாதஸ்வரத்தைப் பதிவு செய்து பென் டிரைவில் யார் விற்கிறார்கள் என்று தலைவர் சொன்னால் நன்றாக இருக்கும். நடுவில் ஒரு தடவை கரண்ட் இறங்கிப் பெட்டி அணைந்து மறுபடி உயிர் வந்தது. தப்புக்காரர்கள் நிற்கவில்லை. அவர்கள் அப்போது எந்த அடியில் இருந்தார்களோ அதே அடியில் நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். இவ்வளவு புத்தியுள்ள பென் டிரைவ் இருந்தால் எனக்கும் ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள்.

தேர் வந்து நின்றது. தலைவர் மைக்கைப் பிடித்தார். மேலே எழுதியதைச் சொன்னார். பக்கத்தில் நின்ற சவுண்ட் செட்காரர் நிமிர்ந்து தறப்பாள் பக்கம் பார்த்தார். தமிழ் அவருக்கு அரைகுறைதான், ஆனால் பென் டிரைவ் என்பது எல்லாப் பாஷையிலும் பென் டிரைவ்தான்.

அடுத்த நாள் கடையில் தலைவரைப் பிடித்தேன். பணிஸ் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"என்னத்த?"

"பென் டிரைவுன்னு."

"அட, அதுவா." பணிஸை வாயில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார். "பைலா டான்ஸ் பாட்டு அடிக்கிற சாமான வச்சி ஆத்தாவ கெளப்புனோம்னு தெரிஞ்சா மத்த தோட்டத்துக்காரன் சிரிப்பான் தம்பி."

"பென் டிரைவுனா சிரிக்க மாட்டானா?"

"பென் டிரைவு அவன் கோயில்லயும் இருக்குல்ல."

கடைக்காரர் சிரித்தார். தலைவரும் சேர்ந்து சிரித்தார். நியாயமான பதில் என்று அவர் உண்மையாகவே நினைக்கிறார்.

"எனக்கு அசிங்கமா இருக்குங்க."

"ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு? பொன்னாடை வேணுமா? அடுத்த வருசம் பாப்போம்."

என்ன குறைந்தது என்று அவருக்கு இங்கே சொல்கிறேன். டவுனில் கல்யாணங்களுக்கு வாசிக்கிற ஒரு பேண்ட் இருக்கிறது. அவர்களுடைய லீட் கிட்டார்காரர் கொரியாவுக்கு வேலைக்குப் போக இருந்தார். அந்த இடத்துக்கு வாசித்துக் காட்ட என்னை வரச் சொல்லியிருந்தார்கள். பால் வெட்டாத ஒரு வாழ்க்கைக்கு என் கண்ணில் பட்ட ஒரே கதவு அது. திருவிழா வீடியோவை எவனோ பேஸ்புக்கில் போட்டிருந்தான். தேர், தப்பு, சத்தம், கடைசியில் தலைவரின் மன்னிப்பு எல்லாம் அதில் இருந்தது. என்னைத்தான் காணோம், நான் தறப்பாளுக்குள் அல்லவா இருந்தேன். வாசித்தது நான்தான் என்று சொல்லி அதே வீடியோவை நானே பேண்ட் தலைவருக்கு அனுப்பியிருந்தேன், கடைசியில் பேச்சு இருப்பதைப் பார்க்காமல். அவருக்குத் தமிழ் தெரியாது. அவருடைய கீபோர்ட்காரருக்குத் தெரியும்.

நான் போய் நின்றபோது பேண்ட் தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். "ட்ரெக் தாலத மல்லி கஹன்னே?" பதிவு செய்த ட்ராக்கைப் போட்டுவிட்டா தம்பி வாசிக்கிறது என்று அர்த்தம்.

பெட்டியை அவர்களுடைய ஸ்பீக்கரில் மாட்டி வாசித்துக் காட்டினேன். பெடலை ஏற்றினேன். வழுவழுவென்று வந்தது. பிக் விழுகிற இடம் தெரியவில்லை. அவர் என் காலையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கென்று ஆம்ப் இல்லை, ஸ்பீக்கர் பெட்டி இல்லை, கை அசைவதற்கும் சத்தம் வருவதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்க நான் துடைத்து எடுத்தது அந்தத் தடயத்தைத்தான். பெடலை விட்டுவிட்டுச் சாதாரணமாகவும் வாசித்துக் காட்டினேன். "ஹொந்தய், ஹொந்தய்," நல்லது என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்றார். பெட்டிக்குள் இன்னும் என்னென்ன போட்டு வைத்திருக்கிறாய் என்று கீபோர்ட்காரர் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு கதவு சாத்திக்கொண்டது. இப்போது அந்த இடத்தில் வேறொருவர் வாசிக்கிறார். அவருடைய டோனைப் பற்றி நான் பேச மாட்டேன். தகரமும் ஆணியும் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் சனத்திடம் போனேன். நீங்கள்தானே கேட்டீர்கள், மாடு என்றும் சொன்னீர்கள், மேளம் வந்துவிட்டதா என்றும் கேட்டீர்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன்.

"எங்களுக்குத் தெரியாதா? நீதான் வாசிச்ச," என்றார்கள். "ஒனக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும். விடுப்பா. தலைவரோட எதுக்கு."

வீட்டுக்கு வீடு, ஒவ்வொருவராக, குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். திருவிழாவுக்கு முதல் நாள் மலைக்கு மலை கேட்கக் கத்தியவர்கள் இவர்களேதான். என்னைக் கிண்டல் பண்ண ஊருக்கே கேட்கிற தொண்டை இருக்கிறது. எனக்காகப் பேசும்போது மட்டும் அந்தத் தொண்டை கட்டிக்கொள்கிறது.

என் மனைவி மட்டும் தலைவரின் வீட்டுப் பக்கம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "அவரு சொல்றாரு, பொட்டிதான் வாசிச்சிச்சாம், நீங்க சும்மா புடிச்சிக்கிட்டு இருந்தீங்களாம். பென் டிரைவுனு சொன்னதும் அதத்தானாம்." கொஞ்ச நேரம் அடுப்பை ஊதினாள். "நான் கேட்டேன், அப்ப நாளைக்கு நீங்க புடிங்க, வாசிக்குதானு பாப்போம்னு. கதவ சாத்திட்டாரு."

அவரிடம் நானும் அதைத்தான் கேட்கிறேன், என் மனைவி அளவுக்கு நாகரிகம் இல்லாமல். பொன்னாடை வேண்டாம். அடுத்த வருடம் வேண்டாம். கடையில் பணிஸ் தின்றுகொண்டு சொல்கிற சமாதானமும் வேண்டாம். வருகிற பௌர்ணமிக்குக் கோயில் மண்டபத்தில் கமிட்டியின் பொதுக்கூட்டம் இருக்கிறது. இரண்டு டிவிசன் ஆட்களும் வருவார்கள். நான் முன் வரிசையில் உட்காருவேன். தலைவரே, எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். தேர் கிளம்பியபோது வாசித்தது யார்?